ஏட்டுச் சுரைக்காயும் ஒரு கார்புரேட்டரும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அந்தப் பழமொழி என் காதில் சற்று உரக்கவே விழும். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு கார்புரேட்டர் எனக்குக் கற்பித்தது.

என் தந்தை மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திண்டிவனத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தமது 1985-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காரை அங்கே கொண்டுவந்து விட்டார். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் நம் நாட்டில் வெளிவந்து, பின்னர் பத்மினி என்று பெயர் மாறிய கார் அது. நான்கு சிலிண்டர், 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின்.

வண்டி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும், அதுதான் கோளாறு. கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டு சுழலும் துளை நாற்பதாண்டுத் தேய்மானத்தில் நீள்வட்டமாகிவிட்டது. அந்தச் சந்து வழியே வேண்டாத காற்று புகுந்தது. "ஏற்கெனவே ரெண்டு தரம் புஷ் போட்ட துளை. இனிமே தாங்காது, மாத்தித்தான் ஆகணும்" என்றார் அப்பா.

இருவரும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். ஒரு கடையில் இரண்டு கார்புரேட்டர்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று, அதே மாதிரி பழைய சோலெக்ஸ், தூசி படிந்திருந்தது. மற்றொன்று, இதைவிடப் பெரிய எஞ்சினுக்கு உரியது. புத்தம் புதிதாகப் பளபளத்தது. அப்பாவின் கை பழையதை நோக்கித்தான் போயிற்று. நான் குறுக்கிட்டேன்.

"பெரிசா போட்டா காத்தும் பெட்ரோலும் நிறைய போகும்ப்பா. இழுவை கூடும்."

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியாததா?" என்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

துளைகள் பொருந்தவில்லை. இடையில் ஒரு தகடு வெட்டி வைத்து மாட்டினார். எஞ்சின் கிளம்பியது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் விக்கியது, தடுமாறியது. மறுநாள் ரயில்வே கேட் அருகே வண்டி அணைந்து, பின்னால் நின்றவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்களாம். தலைமையாசிரியர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு வலித்திராது.

அன்றிரவு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 1738-இல் டேனியல் பெர்னூலி எழுதி வைத்த தத்துவந்தான்: குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவுதான் ஜெட் வழியே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொண்டால், த்ராட்டில் முழுதும் திறந்த நிலையில் இந்த எஞ்சின் விநாடிக்கு ஏறத்தாழ 27 லிட்டர் காற்றை இழுக்கும். குறுகலின் விட்டம் 24 மில்லிமீட்டரானால் காற்றின் வேகம் விநாடிக்கு 60 மீட்டர். 28 ஆனால் 44 மீட்டர்தான். உறிஞ்சும் திறனோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு மில்லிமீட்டர் பெருத்ததற்கே அது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது! சுற்றுக் குறையும்போது இன்னும் தளர்ந்துவிடும். வாய் பெரிதானால் பசி பெரிதாகிவிடுமா?

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாங்கறதுக்கு முன்னால போடறதுதானேம்மா கணக்கு?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. தேர்வில் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கிய சூத்திரம் அது. கடை வாசலில் நின்றபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

அப்பா தம் கைப்பணத்தோடு மீண்டும் புதுப்பேட்டைக்குப் புறப்பட்டார். இம்முறை நான் வாய் திறக்கவில்லை, கவனித்தேன். த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்குமாம். எஞ்சினில் பொருந்தும் அடிப்பகுதியைக் கடைக்காரரின் கண்ணாடி மேசைமீது வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்தபின், "இந்த ஜெட்டுல என்ன நம்பர் போட்டிருக்கு, பார்" என்று என்னிடம் நீட்டினார். அவர் பார்வை மங்கி வருவதை அன்றுதான் கவனித்தேன். எண் 120. அதாவது, துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர்.

மாட்டி ஓட்டினோம். விக்கல் இல்லை. ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்த அப்பா முகம் சுளித்தார். "வெளுத்திருக்கு. பெட்ரோல் பத்தல. காபிப்பொடி நிறம் வரணும்" என்றவர், 125 ஜெட் ஒன்றைத் தேடி எடுத்தார்.

இம்முறை முதலிலேயே கணக்குப் போட்டேன். பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இன்று பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு ஏறத்தாழ 13.5. எனவே அதே காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு எரிபொருள் கூடுதலாக வேண்டும். 120-லிருந்து 125-க்கு மாறினால் துளையின் பரப்பு எவ்வளவு கூடும்? எட்டரை விழுக்காடு!

"உங்க ஜெட்டுதான்பா சரி" என்றேன். "அது பிளக்கே சொல்லுது. ஆனா ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

தலைமையாசிரியர் வண்டியை எடுத்துச் சென்றார். பளபளத்த அந்தக் கார்புரேட்டர் இன்றும் எங்கள் பட்டறைப் பலகையில் இருக்கிறது. அப்பா அதை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறாரா, எனக்காக வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. புதுப்பேட்டைக்குப் புறப்படும் நாட்களில் மட்டும் அதைத் தட்டிவிட்டு, "நோட்டை எடுத்துக்கிட்டியாம்மா?" என்பார்.