மணிக்கழிவு சொல்லும் அரிக்கமேடு

புதுச்சேரி பாரதி பூங்காவை அடுத்துள்ள அருங்காட்சியகத்துக்கு அரிக்கமேட்டுப் பொருள்களைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஆம்போரா என்ற இருகைப்பிடிச் சாடியைத்தான். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து மது வந்த சாடி என்றால் யாருக்கும் ஆர்வம் பிறக்கும். அதே அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும் இருக்கின்றன. கடுகளவு, மிளகளவுக் கண்ணாடி மணிகள் செங்கல் சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் நீலத்திலும் கறுப்பிலுமாகக் கிடக்கின்றன. கூடவே சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல் மணிகளும் உண்டு. அரிக்கமேடு எப்படிப்பட்ட ஊர் என்ற கேள்விக்குச் சாடிகளைவிட இந்த மணிகளே நல்ல சாட்சி என்று நினைக்கிறேன். மணிகளைவிடவும் நல்ல சாட்சி, அவற்றைச் செய்தபோது கழித்துப் போட்ட உடைசல். சாடி, யார் வந்தார்கள் என்று சொல்கிறது. உடைசல், இங்கேயே இருந்து வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. எண்பது ஆண்டுகளாக நாம் முதல் கேள்வியையே அதிகம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நகரத்துக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆறு கடலை நோக்கி வளையும் இடத்தில் மேடு இருக்கிறது. தென்னையும் மாமரமும் நிற்கும் தோப்பு. நிமிர்ந்து நிற்கும் ஒரே கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தின் செங்கல் சுவர். பழைய ஊர் முழுக்க மண்ணுக்குள். ஆற்றங்கரை அரிந்த பக்கங்களில் மட்டும் ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. 1937 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இங்கே கிடைத்த செதுக்குக் கல்லில் இருப்பது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அடையாளம் சொன்னார். அதற்கும் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் மழை பெய்து மண் கரைந்ததும் மணி பொறுக்கி வந்தார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரிட்டைன் மட்கல ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவரின் முத்திரையே இருந்தது. தென்னிந்தியத் தொல்லியலில் காலத்தை உறுதியாகச் சொல்ல முடிந்த முதல் இடம் அது. அந்தப் பெருமையை வீலருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அறிக்கைக்கு அவர் வைத்த தலைப்பே 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்றிருந்தது. ரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பாலான தொடர்புகளைப் பற்றிப் பின்னர் எழுதிய நூலில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பிழைப்புக்கு வேண்டியதை மட்டும் தேடிக்கொண்டு, முயற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லாமல் இருந்த மீனவர் குப்பத்துக்குத் தூரதேசத்தவர் வந்து சேர்ந்ததும் அது நகரமாக எழுந்தது என்பது அவர் வரைந்த சித்திரம்.

அந்தச் சித்திரம் நிற்கவில்லை. 1947 முதல் 1950 வரை தோண்டிய ழான்-மரி கசால், ரோமானியப் பொருள் வருவதற்கு முந்தைய குடியிருப்பு அடுக்கைக் காட்டினார். சுத்துக்கேணி, முத்தரையர்பாளையம் ஆகிய இடங்களில் பெருங்கற்கால ஈமக்காடுகளையும் அகழ்ந்தார். இந்த வட்டாரம் வெறும் மணல்வெளியாகக் கிடக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கூட்டுடன் நடந்த அகழாய்வு மீதியைச் சரிசெய்தது. ரோமானிய நுட்பத்தைப் பார்த்துச் செய்தது என்று வீலர் எண்ணிய, உருளையால் கோலம் பதித்த ரௌலட்டட் மட்கலம் இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்றும், அரிட்டைன் ஓடுகள் வருவதற்கு முன்பே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு அளவிலேயே, புழக்கத்தில் இருந்தது என்றும் பெக்லி வாதிட்டார். அது இந்தியாவுக்குள் எங்கே செய்யப்பட்டது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ரோமில் செய்ததில்லை என்பதில் இப்போது சண்டையில்லை. ரோமானிய வணிகம் தேய்ந்த பின்னும் இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள், இடைக்காலத்துப் பொருள்கள்கூடக் கிடைக்கின்றன. வந்தவர்கள் போன பிறகும் ஊர் பிழைத்திருக்கிறது என்றால், பிழைக்கச் செய்த தொழில் எது என்று கேட்டாக வேண்டும்.

இங்கேதான் மணியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. அரிக்கமேட்டுக் கண்ணாடி மணி ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே சிறு குமிழிகள் தெரியும். அவை உருண்டையாக இல்லை. துளை போகும் திசையிலேயே நீண்டு, இழைபோல் இழுபட்டிருக்கின்றன. மேற்பரப்பில் உள்ள கோடுகளும் அதே திசைதான். உருகிய கண்ணாடியைக் கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்திருந்தால் குமிழியும் கோடும் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். இங்கே கண்ணாடியை முதலில் நீளக் குழலாக இழுத்திருக்கிறார்கள், பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கியிருக்கிறார்கள். ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை நடந்த வேலையை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம் என்று காட்டியவர் மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். உலையில் உருகிய கண்ணாடியை 'லடா' என்ற நீள இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, கூம்பாக உருட்டி, குழாய் வழியே கம்பியைச் செலுத்தி நடுவே துளையிட்டு உலைவாயில் வைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் கொக்கியால் கூம்பின் நுனியைப் பிடித்து இழுத்து, பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறார். குழல் மெலிவதும் தடிப்பதும் அவர் கை வேகத்தில் இருக்கிறது. பிறகு குழல்களைத் தரம் பிரிப்பது, நட்டு வைத்த கத்தியில் நறுக்குவது, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலில் பிசைந்து சட்டியில் சூடேற்றிக் கிளறிக் கூர்முனையை மழுக்குவது, சலிப்பது, கழுவுவது, கோப்பது என்று வேலை பல கைகளுக்குப் போகிறது. கோப்பது பெண்கள் வேலை. கடுகளவு மணி ஒன்றுக்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்தவை முழு மணிகள் மட்டும் அல்ல. முறுக்கிப்போன குழல், நறுக்காத குழல், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மணி, கட்டிக் கண்ணாடி எல்லாம் கிடைத்திருக்கின்றன. கல் மணியிலும் இப்படித்தான்: தட்டி எடுத்த சில்லு, பாதி உருட்டியது, துளை போடும்போது பிளந்தது. முடிந்த மணியை எந்த ஊரிலிருந்தும் யாரும் கொண்டுவரலாம். கெட்டுப்போன மணியை, அதுவும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கெட்டதை, யாரும் கப்பலேற்றிக் கொண்டுவருவதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானவை உண்டு. அரிக்கமேட்டில் மணி உலை இதுதான் என்று ஐயமின்றிக் காட்டும்படி எதுவும் அகப்படவில்லை. மேட்டில் ஒரு பகுதியை ஆறு அரித்துப் போயிருக்கிறது. செங்கல்லுக்காகப் பழைய சுவர்களைத் தோண்டி எடுத்ததையும் அகழாய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனாலும் இதை மட்டும் பதிலாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. நகரத்துக்கு மேற்கே, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலை நடக்கும் இடங்களைப் பார்த்தால் இன்னொன்று புரிகிறது. மண்ணால் கட்டி, உடைத்து, திரும்பக் கட்டும் சூளை தன் உருவத்தை விட்டுப்போவதில்லை. கருகிய மண்ணையும் வெந்து வெடித்த ஓட்டையும்தான் விட்டுப்போகிறது. உலையைக் காணோம் என்பதால் உலைக்காரர் இல்லை என்றாகாது. அடுத்த மறுப்பு, கண்ணாடி உடைசலே பண்டைக்காலத்தில் வாங்கி விற்ற சரக்கு, உருக்குவதற்காகக் கொண்டுவந்திருக்கலாம் என்பது. இது நியாயமான மறுப்பு, ஒரு பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். மணலிலிருந்து கண்ணாடியையே உருக்கி எடுத்தது அரிக்கமேட்டில்தான் என்று அடித்துச் சொல்ல இந்த உடைசல் போதாது. இலங்கையின் கிரிபாவ போன்ற இடங்களில் பெரிய அளவில் கண்ணாடி உருக்கிய சான்று இருக்கிறது. கட்டிக் கண்ணாடி கடல் வழியே வந்திருக்கலாம். ஆனால் வந்த கண்ணாடியைக் குழலாக இழுத்து மணியாக நறுக்கியது இங்கேதான் என்பதை இது அசைக்கவில்லை. மூன்றாவது, பாப்பாநாயுடுபேட்டைக்கும் அரிக்கமேட்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு இருக்கிறதே என்பது. உண்மைதான். லடா போன்ற குழாய் அரிக்கமேட்டு மண்ணில் கிடைக்கவில்லை. ஆகவே லடா முறை ஊகம். இழுத்துச் செய்தது என்பது மணியின் குமிழியிலேயே எழுதியிருக்கும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தவறு.

பிரான்சிஸ் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லாத இடமும் உண்டு. அரிக்கமேட்டு மணிக்காரர்கள் காலப்போக்கில் இலங்கையின் மாந்தைக்கும், தாய்லாந்தின் கிளோங் தோமுக்கும், வியட்நாமின் ஓக் எயோவுக்கும் குடிபெயர்ந்து தொழிலைப் பரப்பினார்கள் என்பது அவர் கருத்து. கேட்கத் தமிழருக்கு இனிக்கும். அதற்குப் பிறகு லோர் துசுபியூ முதலானோர் லேசர் கொண்டு மணிகளின் வேதிக்கூறை அளந்தார்கள். ஒரே மாதிரித் தெரியும் மணிகளுக்குள் பல கலவைகள் இருப்பது தெரியவந்தது. அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி ஒரு வகை. பொட்டாஷ் கண்ணாடி வேறு வகை. அரிக்கமேட்டின் பெயராலேயே சுட்டப்படும் வகையும் உண்டு. தாய்லாந்தின் காவ் சாம் கேவ் என்ற இடத்தில் பெரெனிஸ் பெலினா நடத்திய ஆய்வு, அங்கே கி.மு. நான்காம் நூற்றாண்டு முதலே இந்திய நுட்பம் தெரிந்த கைவினைஞர் வேலை செய்ததைக் காட்டுகிறது. ஆகவே அரிக்கமேடு எல்லாவற்றுக்கும் தாய் என்பதைக் கைவிடுவதே நேர்மை. ஆனால் இந்த ஆய்வுகளால் கைவினைஞர் சிறுத்துவிடவில்லை. சரக்கு மட்டும் போயிருந்தால் மணிதான் கிடைக்கும். அங்கேயும் கழிவு கிடைப்பதால், கைப்பழக்கத்தோடு மனிதர்களே போயிருக்கிறார்கள், யாரோ யாருக்கோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றாகிறது. எங்கிருந்து எங்கே, எத்தனை துறைமுகங்கள் வழியே என்பதுதான் திறந்த கேள்வி.

கைவினைஞர் பற்றிய இந்தக் கேள்வி இன்று பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கீழடி அகழாய்வு பற்றி 2023 ஜனவரியில் தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்த 982 பக்க அறிக்கையை, திருத்தித் தரும்படி 2025-இல் மத்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியதும் எழுந்த விவாதம் முழுக்கக் காலக்கணக்கைச் சுற்றியே ஓடியது. அதே ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பு பற்றிய அறிக்கையில் சிவகளை மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 3345 என்ற காலம் வந்தபோதும் எண்தான் தலைப்புச் செய்தி. காலக்கணிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய எண்ணைக் கண்டு ஐயப்படுவோரும் பூரிப்போரும் ஒரே எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இரும்பை யார் எந்த உலையில் உருக்கினார், கரிக்கு எங்கே போனார் என்பது கேட்கப்படாமலே போய்விடுகிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணிப் பட்டறைகளும், பழனிக்கு அருகே பொருந்தலில் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. கொங்கு நாட்டிலிருந்து கல் எந்த வழியே இந்தக் கடற்கரைக்கு வந்தது, பட்டை தீட்டியவர் அங்கேயே இருந்தாரா, கல்லோடு அவரும் வந்தாரா? கழிவை எடைபோட்டு ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் விடை கிடைக்கக்கூடிய கேள்விகள் இவை.

அதற்கு அரிக்கமேட்டில் ஒரு தடை இருக்கிறது. இங்கிருந்து சேகரிப்புகளுக்குப் போன மணிகளில் ஏராளமானவை மேற்பரப்பில் பொறுக்கியவை. எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரியாத மணி, காலத்தைப் பொறுத்தவரை பாதிப் பேச்சை இழந்த மணி. பழைய அகழாய்வுகளில் இரண்டு மில்லிமீட்டர் மணியும் நூல் மாதிரிக் குழல் துண்டும் மண்ணோடு மண்ணாக வெளியே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேட்டில் தொடாத இடம் இன்னும் இருக்கிறது. அங்கே அகலத் தோண்ட வேண்டாம். சிறு குழி போதும். எடுத்த மண் முழுவதையும் மெல்லிய சல்லடையில் நீர் விட்டு அலசி, ஒவ்வொரு அடுக்கின் உடைசலையும் தனித்தனியே எடைபோட்டு, வேதிக்கூறு பார்க்க வேண்டும். எந்த அடுக்கில் கழிவு திடீரென்று கூடுகிறது, எந்த அடுக்கில் கலவை மாறுகிறது, ஆம்போரா ஓடு அதற்கு மேலே கிடக்கிறதா கீழேயா என்று அப்போது சொல்லலாம். சாடிக்கு முந்தைய அடுக்கிலேயே குழல் துண்டு நிறையக் கிடைத்தால் வீலரின் சோம்பேறிக் குப்பம் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சாடியோடு சேர்ந்தே கழிவும் கூடினால், கடல் வணிகத்தின் தேவைதான் பட்டறைகளைப் பெருக்கியது என்று ஒப்புக்கொண்டு, பட்டறைக்காரர் அந்தத் தேவையை எப்படிச் சமாளித்தார், எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டார் என்று அடுத்துத் தேட வேண்டியிருக்கும்.