பதினைந்து வருடம் கைவிடாத காரை விற்றோம்



ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, "சேர், மாருதிய வித்துட்டீங்களாமே?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறோம். வாகனம் வாங்க, விற்க நினைப்பவர்களுக்கும் உதவலாம்.

அந்த மாருதி 800ஐ நாங்கள் 2010 இல் வாங்கினோம். கிண்ணியாப் பாலம் திறந்த அடுத்த வருடம். அதுவரை பாதைக்காகக் காத்து நின்றவர்கள், சொந்தக் காரில் பாலத்தைக் கடந்தோம். முன் சீட்டில் இருந்த உம்மா துஆ ஓதிக்கொண்டே வந்தார். 2022 இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர் பெற்றோல்தான். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் வரிசையில் நின்ற காலம் அது. அந்த 20 லீட்டரிலும் இந்தச் சின்ன என்ஜின் எங்களைப் பாடசாலைக்கும், அயலவர்களை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. ஒருநாளும் நடுவீதியில் விட்டதில்லை.

பிறகு ஏன் விற்றோம்? உம்மாவின் முழங்கால்தான் காரணம். மாருதியின் சீட் பதிவு. கிளினிக் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "நான் ஆட்டோவில போறேன், உங்களுக்குக் கரைச்சல் வேணாம்" என்று உம்மா சொன்ன அன்றுதான் முடிவெடுத்தோம்.

பிள்ளைகளுக்கு ஜப்பான் வேகன் ஆர் ஹைபிரிட் மீது ஆசை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகும் எங்கள் சம்பளத்துக்கு இறங்கிவரவில்லை. வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்பது வாப்பா காலத்து முடிவு. இஜாரா முறையிலும் விசாரித்தோம். ஒருவரின் சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதத் தவணைக்கே போகும். வட்டி இல்லாவிட்டாலும் தவணை தவணைதானே. கடைசியில் இந்தியாவில் செய்த பழைய வேகன் ஆர் ஒன்றைத் தேடினோம். சீட் உயரம், பார்ட்ஸ் கிடைக்கும், நம்ம பாஸுக்குக் கைவந்த வாகனம். எங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்.

முதலில் பார்த்த கார் கண்ணாடி மாதிரி மின்னியது. "ஒரு குறையும் இல்ல" என்றார் விற்றவர். பாஸ் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. டித்வா வெள்ளத்தில் நின்ற வாகனமாக இருக்க வேண்டும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உப்புக்காற்று அடிக்கும் ஊர் நம்முடையது, கதவின் அடி விளிம்பில் துருவையும் தேடுங்கள்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் எங்கள் மாருதியைப் பார்க்க மீன் வியாபாரம் செய்யும் ஒரு தம்பி வந்தார். ரெண்டாம் கியர் சூடானால் இறுகும், என்ஜின் கொஞ்சம் ஒயில் குடிக்கும், இடது கதவு ஒருமுறை அடிபட்டது. "கேட்டா மட்டும் சொல்லுங்க" என்றார் புரோக்கர். தம்பி கேட்கவில்லை. ஆனால் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியிடம் சொன்னதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். மூன்றையும் சொன்னோம். தம்பி அறுபதாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். அன்றிரவு அந்த அறுபதாயிரம் தூங்கவிடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் வீட்டில் அது சின்னக் காசில்லை.

இன்னொன்று. "ஓபன் பேப்பர்" கேட்டார்கள், மறுத்துவிட்டோம். உரிமை மாற்றப் படிவத்தில் இருவரும் ஒப்பமிட்டு, 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தோம். இல்லாவிட்டால் நாளை அந்த வாகனம் விபத்தில் பட்டாலும் பொலிஸ் வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வாசலுக்குத்தான்.

வேகன் ஆர் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நிறம் மங்கல், ஏசி சுமார். போன கிழமை கிளினிக்குக்குப் புறப்பட்டபோது உம்மா யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாருதிய வாங்கின புள்ளக்கி எல்லாத்தையும் சொல்லித்தானே குடுத்தீங்க?"

சொல்லித்தான் கொடுத்தோம், உம்மா.