வைஸ்ராய் வீட்டு நர்ஸ்

தில்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றால் பிர்லா மந்திர். அடுத்தது தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தச் சாலைக்கு ரீடிங் ரோடு என்று பெயர். 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் பெயர் அது.

அந்த ரீடிங் தம்பதியின் விருந்தாளியாக 1922ல் இருபது வயது எட்வினா ஆஷ்லி தில்லி வந்தார். லண்டன் வங்கி அதிபர் எர்னஸ்ட் காஸலின் பேத்தி, பெரும் சொத்துக்கு வாரிசு. வைஸ்ராய் மாளிகையில், அந்த பிப்ரவரியில், லூயி மவுன்ட்பேட்டன் என்ற இளம் கடற்படை அதிகாரி தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்டார். எட்வினா சம்மதித்தார்.

எட்வினா என்றாலே இந்தியாவில் நேருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் புன்னகைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் புன்னகையில் மறைந்துபோனது அவர் பார்த்த வேலை.

திருமணத்துக்குப் பின் பல ஆண்டுகள் விருந்தும் பயணமுமாகவே கழிந்தன. அவரை மாற்றியது இரண்டாம் உலகப் போர். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ் அல்ல அவர். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில் மக்கள் ஒண்டியிருந்த நிலவறைகளைச் சுற்றி வந்தார். 1942ல் அந்தப் படையின் நர்சிங் பிரிவுகளுக்கே தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். 1945ல் ஜப்பான் சரணடைந்ததும் மலேயா, சயாம் பகுதிகளின் போர்க் கைதி முகாம்களுக்குப் போனார். ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மடிந்த மரண ரயில் பாதை சயாமில்தான் இருக்கிறது.

1947 மார்ச்சில் கடைசி வைஸ்ராயின் மனைவியாக மீண்டும் தில்லி. அப்போது ரீடிங் ரோட்டின் வால்மீகி காலனியில் காந்தி தங்கியிருந்தார். 1948 ஜூனுக்குள் என்றிருந்த ஆட்சி மாற்றத்தை மவுன்ட்பேட்டன் 1947 ஆகஸ்டுக்கு முன்தள்ளினார். அந்த அவசரத்தின் விளைவை அவர் மனைவி முகாம் முகாமாகப் பார்த்தார். புராணா கிலாவில் முஸ்லிம் அகதிகள், குருக்ஷேத்திரத்தில் இந்து, சீக்கிய அகதிகள். எட்வினா இரண்டு பக்கமும் போனார். தனித்தனியாகத் திணறிக்கொண்டிருந்த நிவாரண அமைப்புகளை ஒரே கவுன்சிலின் கீழ் இணைத்தார். கணவரின் அவசரத்துக்கு இது பரிகாரமாகுமா என்றால், ஆகாது. ஆனால் அந்த முகாம்களில் தேவைப்பட்டது மருந்தும் கம்பளியும் பாலும்தான்.

அந்த அக்டோபர் 8ம் தேதி அவருக்கு முதல் பேரன் பிறந்தான், லண்டனில். பாட்டி தில்லியில் அகதிகளோடு இருந்தார்.

நர்சுகள் பற்றாக்குறை அவரை விடாமல் உறுத்தியது. மாகாணத்துக்கு ஒரு மாதிரியாக இருந்த நர்ஸ் பயிற்சியை நாடு முழுக்க ஒரே தரத்துக்குக் கொண்டுவர ஒரு சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் எட்வினாவும் ஒருவர். சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் காலத்தில், அந்த ஆண்டு முடிவதற்குள் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது.

1960 ஜனவரியில் இளைய மகள் பமீலாவின் கல்யாணத்தை முடித்த கையோடு மறுபடி கிளம்பினார். வயது 58. நான்கு பேரக் குழந்தைகள். உடம்பு தளர்ந்திருந்தும் குடியரசு தினத்துக்குத் தில்லி வந்துவிட்டு, செயின்ட் ஜான் பணியாகக் கிழக்கே போனார். போர்னியோவின் ஜெஸ்ஸல்டன் நகரில் பிப்ரவரி 21ம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே கடலில் அடக்கம் செய்தார்கள். நேரு அனுப்பிய ஐஎன்எஸ் திரிசூல் கப்பல் துணைக்கு நின்றது. இந்தக் கப்பல் கதையைப் பலரும் சொல்வார்கள்.

சொல்லாதது ஒன்று உண்டு. 2023ல் புதிய சட்டம் வரும்வரை முக்கால் நூற்றாண்டு காலம் இந்திய நர்சுகளின் படிப்புக்கு அந்த 1947ம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை. நாகர்கோவிலிலும் கோட்டயத்திலும் பயின்ற பெண்கள் தில்லி ஆஸ்பத்திரிகளில் வெள்ளைச் சீருடை அணிந்தது அதன் பலத்தில்தான். எட்வினாவின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?