சுழி பார்த்து வாங்கிய கார்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். அதே விவசாயி பழைய கார் வாங்கப் போனால், பாலீஷ் போட்ட பளபளப்பில் மயங்கிவிடுகிறார். ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டரை ஏக்கரில் முருங்கை வைத்திருக்கும் ஒரு விவசாயியும் அப்படித்தான் மயங்கப் பார்த்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நடுராத்திரி அவருடைய அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, மனைவி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நனைந்துகொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். கடன் இல்லாமல் ஒரு கார் வாங்குவது என்று அன்றைக்கே முடிவானது. முருங்கை வருமானத்தில் சேர்ந்தது 2 லட்சம் ரூபாய்.

புரோக்கர் காட்டிய முதல் கார் வெள்ளை நிறம். மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்தபோது, உள்ளே உட்கார்ந்து பார்த்த மனைவி, "ஏங்க, நனைஞ்ச சாக்கு வாசம் அடிக்குது" என்றார். கூட வந்த மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடியில் சேற்றுக்கறை. கால்மிதியை விலக்கினால் தரையில் துரு. "வெள்ளத்துல நின்ன வண்டிண்ணே. வயரிங் இன்னைக்கு நல்லாருக்கும், அப்புறம் ஒவ்வொண்ணா போகும்" என்றார். பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்ததால், மீட்டர் கணக்கிலும் சந்தேகம் வந்தது. திரும்பிவிட்டார்கள்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2014-ம் வருட ஆல்ட்டோ. ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், கதவில் ஒரு நசுங்கல், சர்வீஸ் பில்கள் பத்திரமாக இருந்தன. 'நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இன்ஜின் சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு மறைந்துவிடும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப்புகை வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. இரண்டும் இல்லை. டயரில் '2318' என்று இருந்தது. 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் இருந்தும் ரப்பர் வெடித்திருந்தது. அதைக் காட்டி 15,000 குறைத்து, 1,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள்.

சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. ஆனால், பரிவாகன் தளத்தில் வங்கிக் கடன் பதிவு அப்படியே நின்றது. ஆசிரியர் கடனைக் கட்டி முடித்தும் பதிவை நீக்கவில்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்கிய பிறகே முழுப்பணம் என்று பொறுத்திருந்தார் விவசாயி. பிறகு படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றினார். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார்.

மீதி 40,000 ரூபாயில் நாலு டயர், பேட்டரி, பெயர்மாற்றச் செலவு போகக் கையிலும் கொஞ்சம் நின்றது. முழுப்பணத்தையும் விலைக்கே கொடுத்திருந்தால் மனைவியின் நகை அடகுக்குப் போயிருக்கும். 15 வருஷம் முடிந்து 2029-ல் எஃப்.சி. புதுப்பிக்கவும் இப்போதே மாதாமாதம் ஒதுக்குகிறார்.

சமீபத்தில் ஓர் இரவு அம்மாவுக்கு மறுபடியும் திணறல். இந்த முறை பின்சீட்டில் மருமகள் மடியில் தலைவைத்து, நனையாமல் போய் வந்தார். கதவு நசுங்கலை எடுக்கலாமா என்று மகன் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும்டா. அந்தக் காசுக்கு ஆயில் மாத்து" என்றாராம்.