நயினாப் பிள்ளையை நேரில் பார்த்த ரெண்டு பொண்ணுங்க

காஞ்சிபுரம்னா வெளியூர்க்காரங்களுக்கு மூணு விஷயம்தான். புடவை, இட்லி, கோயில். எனக்கு ஊர்ப்பெருமை பேசற வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. அதனால நாலாவதா ஒண்ணு சேர்த்துக்குவேன்: நயினாப் பிள்ளை. "யாரு, பழைய எம்.எல்.ஏ.வா?"ன்னு கேட்ட ஆளுங்க உண்டு. அதுவும் பெரிய காஞ்சிபுரத்துலயே, நாலு ராஜவீதிக்குள்ள குடியிருக்கற ஆளுங்க. என்னத்த சொல்ல!

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934) கர்நாடக சங்கீதப் பாடகர். சொந்தப் பேரு சுப்பிரமணிய பிள்ளை. தனகோடி அம்மாள்னு அந்தக் காலத்துல பெரிய பாடகி, இவரு தாயாரோட கூடப் பிறந்தவங்க. ஆக வீட்டுக்குள்ளேயே சங்கீதம். ஆனா இவரு பேரு வாங்கினது தாளக் கணக்குல. மேடையில வயலின் ஒண்ணு, அப்புறம் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல்னு ஒரு படையே உட்கார்ந்திருக்கும். ஹைகோர்ட்டுல ஜட்ஜுங்க மொத்தமா உட்கார்ற மாதிரி இதுக்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரின்னே பேரு. யோசிச்சுப் பாருங்க, சுத்தி உட்கார்ந்திருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் தாளக்காரங்க. பாடறவர் அரை அட்சரம் நழுவினாலும் அத்தனை பேருக்கும் தெரிஞ்சிடும். கையில தாளத்தைப் போட்டுக்கிட்டு நடுவுல உட்கார்ந்து பாடறதுக்கு ஒரு தில் வேணும்.

இதுல கொடுமை என்னன்னா, அவரு குரல் நமக்கு இல்லை. கிராமபோன் தட்டு விக்கற காலத்துல வாழ்ந்தும் அவரு பாட்டு தட்டுல ஏறலை. 1934ல போய்ச் சேர்ந்துட்டாரு. கேட்காத பாடகரை எப்படிய்யா உனக்குப் பிடிக்கும்னு வீட்டம்மா கேட்பாங்க. நியாயமான கேள்விதான். நான் அவரைப் பிடிச்சது ரெண்டு பொண்ணுங்க வழியா.

ஒண்ணு, டி. பிருந்தா. 1912ல பிறந்தவங்க, வீணை தனம்மாளோட பேத்தி. தனம்மாள் வீட்டுச் சங்கீதம் மெதுவா, பொத்திப் பொத்தி வைக்கிற சங்கீதம். சென்னை ஜார்ஜ் டவுன்ல அந்தம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிக்க உட்கார்ந்தா, பெரிய வித்வானெல்லாம் மூச்சு விடாம கேட்பாங்களாம். அப்பேர்ப்பட்ட வீட்டுலேர்ந்து பிருந்தாவையும் தங்கச்சி முக்தாவையும் சின்ன வயசுல நம்ம ஊருக்குப் பாட்டு கத்துக்க அனுப்பினாங்க. யார்கிட்ட? ஃபுல் பெஞ்ச் வச்சு அதிரடியா பாடற நயினாப் பிள்ளைகிட்ட. வீட்டுல இல்லாததை வெளியில போய் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பின மாதிரி எனக்குப் படுது. அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரெண்டாவது, டி.கே. பட்டம்மாள். 1919ல காஞ்சிபுரத்துலயே பிறந்தவங்க. பேருக்கு முன்னாடி இருக்கற 'டி' தாமல். பெங்களூர் ரோட்டுல போறப்ப வருமே, அந்தத் தாமல்தான். அம்மா நல்லாப் பாடுவாங்க. ஆனா சொந்தக்காரங்க, சிநேகிதங்க முன்னாடி கூடப் பாடக் கூடாது, குடும்பத்து ஆசாரம் அப்படி. அந்த வீட்டுக் குழந்தைக்கு ஊர்ல ரொம்பப் பிடிச்ச பாடகர் நயினாப் பிள்ளை.

இப்ப நிலைமையைப் பாருங்க. ஒரே ஊரு, கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே ஆளைப் பிடிச்ச ரெண்டு பொண்ணுங்க. பிருந்தா இசை வேளாளர் வீட்டுப் பொண்ணு. பாட்டுதான் குலத்தொழில், குரு எதிர்ல தினம் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். பட்டம்மாளுக்கு அது வாய்க்கலை. கச்சேரிக்குப் போகலாம், கேட்கலாம், திரும்பி வரலாம். அவ்வளவுதான்.

அதனால அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சுன்னா, கச்சேரியில கேட்ட பாட்டையெல்லாம் வீட்டுக்கு வந்து தம்பிங்களோட சேர்ந்து ஸ்வரப்படுத்தி எழுதி வச்சுக்கிச்சு. டேப்பா, செல்போனா? ஒரே ஒரு தடவை காதுல விழுந்ததுதான் மொத்த முதலீடு. நானெல்லாம் கச்சேரியில கேட்ட ராகம் பேரை ஆட்டோ ஸ்டாண்டு வர்றதுக்குள்ள மறந்துடற கேஸு. :-)

எட்டு வயசுல நேர்ல நிக்கற சந்தர்ப்பம் வந்துச்சு. நயினாப் பிள்ளை காஞ்சிபுரத்துல தியாகராஜர் கீர்த்தனைப் போட்டி ஒண்ணு நடத்தினார். பட்டம்மாள் பைரவி ராகத்துல 'ரக்ஷ பெட்டரே' பாடி முதல் பரிசு வாங்கினாங்க. இதை மட்டும் நான் அடிக்கடி கற்பனை பண்ணிப் பார்ப்பேன். பிடிச்ச பாடகர் எதிர்ல உட்கார்ந்திருக்காரு. நமக்கெல்லாம் அப்படி ஒரு வாய்ப்பு வந்தா 'உங்க பாட்டுன்னா உயிருங்க'ன்னு உளறுவோம். அந்தப் பொண்ணு உளறலை. பைரவியைப் பாடிட்டு வந்துடுச்சு. இதைவிட நல்ல அறிமுகம் இருக்குமா?

1929ல ரேடியோ, 1932ல சென்னையில முதல் மேடை, மறு வருஷமே குடும்பத்தோட சென்னைக்குக் குடிபோயிட்டாங்க. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ராகம் தானம் பல்லவி ஆம்பளைங்க சமாச்சாரம்னு இருந்த காலத்துல அதை மேடையில பாடிப் 'பல்லவி பட்டம்மாள்'னு பேரு வாங்கினாங்க. முத்துசாமி தீட்சிதர் பாட்டுகளை அம்பி தீட்சிதர், டி.எல். வெங்கடராம ஐயர்னு நேர்ல உட்கார்ந்தே கத்துக்கிட்டாங்க. ஆனா அந்தத் தாளப் பிடிப்பு இருக்கே, அது காஞ்சிபுரத்துல தூரத்துல உட்கார்ந்து கேட்டது. நயினாப் பிள்ளை மானசீக குரு.

இதை வச்சு 'பார்த்தீங்களா, தூரத்துல நின்னதாலதான் அவ்வளவு கூர்மையா கேட்டாங்க'ன்னு சிலர் உருகுவாங்க. எனக்கு ஒத்துக்க முடியலை. கூர்மை பட்டம்மாளோடது. வாசப்படிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கக் கூடாது. அந்தம்மாவோட அம்மாவும்தான் அதே வாசப்படிக்குள்ள இருந்தாங்க. அவங்க பாட்டு நம்ம யாருக்குமே கிடைக்கலையே!

உள்ளே போய்க் கத்துக்கிட்டவங்களுக்கு எல்லாம் சுலபமா நடந்துச்சான்னா அதுவும் இல்லை. பிருந்தா, முக்தா கச்சேரின்னா வித்வான்கள் வந்து கேட்பாங்க, பொது ஜனக் கூட்டம் கம்மி. ராம்நாட் கிருஷ்ணன் மாதிரி பெரியவங்களே பிருந்தாகிட்ட வந்து பதம், ஜாவளி பாடம் கேட்டாங்க. பட்டம்மாளுக்கு 1970லயும் பிருந்தாவுக்கு 1976லயும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்துச்சு. அகாடமி பட்டியல்ல ஆறே வருஷ இடைவெளி. தெருவுல போற நாலு பேரைக் கேட்டுப் பாருங்க, பட்டம்மாளைத் தெரிஞ்ச அளவுக்குப் பிருந்தாவைத் தெரியாது. எனக்கு இதுல வருத்தம் உண்டு.

பாட்டே தெரியாதுங்கறவங்களுக்கும் நயினாப் பிள்ளை அவ்வளவு தூரம் இல்லை. அவரோட சிஷ்யர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. அவரோட சிஷ்யர் மதுரை சோமு. ஆமாங்க, 1972ல 'தெய்வம்' படத்துல மருதமலை முருகனைப் பாடினாரே அதே சோமுதான். நயினாப் பிள்ளைகிட்டேர்ந்து மூணாவது தலைமுறை. பிள்ளையார்பாளையத்துல எங்க பக்கத்து வீட்டு மாமா தறியில உட்கார்ந்தா டேப் ரிக்கார்டர்ல சோமு பாடணும். இந்த விஷயத்தை அவர்கிட்ட சொன்னப்ப நாடாவை அப்படியே நிறுத்திட்டு, "அப்ப நம்ம ஊரு சரக்குன்னு சொல்லு"ன்னாரு. இழையை நீவி விட்டுக்கிட்டு மறுபடி, "சரிகை வேலை இங்கதான்டா கத்துக்கிட்டிருக்காரு"ன்னாரு. நான் இவ்வளவு நேரம் எழுதினதை அவரு ஒரே வரியில முடிச்சிட்டாரு.

நான் நேர்ல பார்த்த கதையும் ரெண்டு உண்டு. சென்னையில ஒரு சபாவுல எனக்குப் பிடிச்ச பாடகி ஒருத்தரைக் கச்சேரி முடிஞ்சதும் பார்க்கப் போனேன். வரிசை, தள்ளுமுள்ளு, ஆளாளுக்கு போட்டோ. என் முறை வந்தப்ப அவங்க முகத்துல அவ்வளவு களைப்பு. கும்பிடு போட்டுட்டு நகர்ந்துட்டேன். அவங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை, மூணு மணி நேரம் பாடியிருக்காங்க. அவங்க கொடுக்க வேண்டியதை மேடையிலயே கொடுத்தாச்சு. பின்கட்டுல போய் இன்னும் என்ன கேட்கறது?

இன்னொண்ணு நம்ம ஊர்ல. ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உற்சவம். சாமி வீதிக்கு வந்தா நாகஸ்வரக்காரரும் கூடவே நம்ம தெருவுல நடந்து வருவாரு. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. பத்து வயசுல நான் அவருக்கு முன்னாடி, அவரு முகத்தைப் பார்த்துக்கிட்டே பின்பக்கமா நடந்து போவேன். கன்னம் உப்பறது, வேர்வை வழியறது, சீவாளியை வாயிலேர்ந்து எடுத்து சரி பண்றது எல்லாம் ஒரு முழம் தள்ளி. தீப்பந்தக்காரர் ரெண்டு தடவை திட்டி விரட்டியும் நான் நகரலை. தெருமுனையில சாமி நின்னப்ப அவரு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "எந்தத் தெருடா?"ன்னு கேட்டாரு.

"பிள்ளையார்பாளையம்."

"அவ்வளவு தூரம் தனியா போவியா? அப்ப தவில்காரர் பக்கத்துல நட, கால்ல மிதி வாங்காத"ன்னு சொல்லிட்டு சீவாளியை வாயில வச்சுக்கிட்டாரு. அடுத்தது தோடி.