இனாம் கணக்கு

பள்ளிக்கூடத்தில் பல வருஷங்களாகக் கணக்குப் போதித்துவரும் எனக்கு, சூத்திரம் எதற்கும் அடங்காத கணக்கு ஒன்று உண்டு. ஹோட்டலில் சிற்றுண்டி முடிந்ததும், பரிசாரகர் சிறு தட்டில் பில்லைக் கொணர்ந்து வைத்துவிட்டு, சற்று எட்ட நின்று மேல்விட்டத்தைப் பார்க்கிறார் அல்லவா? அப்பொழுது அந்தத் தட்டில் எவ்வளவு வைப்பது என்பதே அக்கணக்கு.

அமெரிக்கர் இதற்குச் சதவிகிதம் வகுத்திருக்கின்றனர். பில் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று வைப்பது அங்கே வழக்கம். தாராள மனம் மட்டும் இதற்குக் காரணமன்று. இனாம் பெறும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அத்தொகை மாறவில்லை. பல மாகாணங்கள் கூடுதலாக விதித்திருக்கின்றன. ஆகவே, அங்கே இனாம் என்பது கூலியின் ஒரு பகுதி. முதலாளியின் கடனை விருந்தினர் தீர்க்கிறார். ஜப்பானிலோ அவ்வழக்கமே கிடையாது.

நம் நாட்டில் சில ஹோட்டல்கள் 'சேவைக் கட்டணம்' என்று பில்லிலேயே சேர்த்து வந்தன. தாமாக அப்படிச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. நியாயந்தானே! இனாம் என்ற அரபுச் சொல்லுக்குக் கொடை என்று பொருள். வசூலிக்கப்படுவது எங்ஙனம் கொடையாகும்?

சதவிகிதக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. இட்டலி கொணர்ந்தவருக்கும் விலையுயர்ந்த பதார்த்தம் கொணர்ந்தவருக்கும் நடை ஒன்றே. இனாமை அளக்கவேண்டியது உழைப்பைக் கொண்டு, பில்லைக் கொண்டன்று. சமையல் எரிவாயு உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பும் வாயுவுமாகச் சுமார் முப்பது கிலோ. வீட்டில் கொண்டு சேர்க்கும் கட்டணம் பில்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆதலால் மேற்கொண்டு கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆயினும், மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தோளில் சுமந்து வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கையில், சட்டம் பேசுவது மனிதத் தன்மை ஆகுமா? அவர் வாய் திறக்குமுன் நம் கை நீளவேண்டும்.

காரியம் நடக்குமுன் கொடுப்பது பெரும்பாலும் பயத்தால். நடந்தபின் கொடுப்பது நன்றியால். சர்க்கார் அலுவலகத்திலோ முன்னும் கூடாது, பின்னும் கூடாது. அங்கே அதன் பெயர் லஞ்சம். 2018-இல் திருத்தப்பெற்ற ஊழல் தடுப்புச் சட்டம் கொடுப்பவரையும் குற்றவாளி என்றே சொல்லுகிறது. நமக்குத் தீங்கு செய்யக்கூடியவருக்கு அஞ்சி ஐந்நூறு நீட்டுகிறோம். தீங்கு செய்ய வகையற்ற ஏழைத் தொழிலாளியிடம் பத்து ரூபாய்க்குத் தர்க்கம் செய்கிறோம். இதைவிட விபரீதமான கணக்கு வேறு உண்டோ?

இக்காலத்தில் புதிய சங்கடம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்திவிடுகிறோம். மிச்சச் சில்லறை என்பதே இல்லாமற்போக, பரிசாரகரின் தட்டும் காலியாயிற்று. அவர் உழைப்பு மட்டும் குறையவில்லை. ஆகையால், வெளியே புறப்படும்போது பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் சிலவற்றைச் சட்டைப் பையில் தனியே வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். கொடுக்கும்போது பராக்குப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.