உறங்குவோனுக்கு ஒரு சாட்சி

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நித்திரையில் கழிக்கிறான். ஆயினும், அந்த மூன்றிலொரு பங்கில் தனக்கு நேர்வது இன்னதென்று அவன் தானாக அறிவதற்கு வழியில்லை. பசியையும் தாகத்தையும் காய்ச்சலையும் உடம்பு உடனுக்குடன் மனத்துக்கு அறிவித்துவிடும். உறக்கத்தில் நேரும் துன்பத்தையோ, அறிவிப்பைப் பெற வேண்டிய மனமே உறங்கிக் கிடப்பதால், அருகே விழித்திருக்கும் வேறொருவர் சொன்னாலன்றி அறிய இயலாது. இந்த எளிய உண்மையை நான் விளங்கிக்கொள்வதற்கு ஐம்பத்தாறு வயதும், இரண்டு தேசங்களில் வாழ்ந்த வாழ்க்கையும், கடைசியாக ஒரு வைத்தியசாலையில் கழித்த ஓர் இரவும் வேண்டியிருந்தன.

பருத்தித்துறையில், கடலோசை கேட்கும் தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில், இரவு எவருக்கும் தனியுடைமையாக இருந்ததில்லை. வெக்கை மிகுந்த மாதங்களில் விறாந்தையில் வரிசையாகப் பாய்கள் விரிக்கப்படும். அப்பா, மாமாமார் இருவர், சகோதரர் நாங்கள் நால்வர், சில நாட்களில் விருந்தாக வந்த உறவினர் என்று பத்துப் பேராவது ஒரே கூரையின் கீழ் உறங்குவோம். வாசலை ஒட்டி, எல்லோருக்கும் கடைசியில், ஆச்சி படுத்திருப்பார். வயோதிகத்தால் நித்திரை குறைந்துபோயிருந்த அவர், எவருடைய இருமல், எவருடைய கனவுப் பிதற்றல் என்பதை இருட்டிலேயே பிரித்தறிவார். பெரிய மாமாவின் குறட்டை உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று அறுந்து நிற்கும் தருணங்களில், அவர் எழுந்துபோய் மாமாவின் தோளைத் தொட்டு, “சரிஞ்சு படு, தம்பி” என்பார். மாமா விழிக்காமலே புரண்டு படுப்பார். மூச்சு மீண்டும் சீராக ஓடும். மல்லாந்து படுக்கையில் நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைப்பதையும், ஒருக்களித்துப் படுத்தால் அந்த அடைப்புப் பலருக்குக் குறைவதையும் பிற்காலத்தில் ஒரு நிபுணர் படம் வரைந்து எனக்கு விளக்கியபோது, இருளில் மாமாவின் தோளைத் தொட்ட ஆச்சியின் கையே என் கண்முன் நின்றது.

1989-ஆம் ஆண்டு நான் சிட்னி நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். நாளடைவில், மேற்குப் புறநகரான டூங்கேபியில் நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு இருந்தது. குளிர்காலத்தில் அறையின் வெப்பம் வெளியேறிவிடாதபடி கதவுகள் யாவும் சாத்தப்பட்டன. என் மனைவி முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்தாள். விடுமுறை இரவுகளிலும் அவளுடைய நித்திரை நேரம் என்னுடையதோடு பொருந்தாமையால், அவள் வேறோர் அறையிற் படுத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. பிற குடும்பத்து முதியோரின் மூச்சை விடியும்வரை காவல் காத்த அவளுக்கு, தன் கணவனின் மூச்சைக் கேட்கும் சந்தர்ப்பம் ஆண்டுக்கணக்காக வாய்க்கவில்லை.

இக்காலத்தில் என் உடம்பில் சில மாறுதல்கள் மெல்ல மெல்ல நிகழ்ந்தன. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தாலும், இரவு முழுவதும் பாரம் சுமந்தவனைப் போன்ற களைப்பு, விடியற்காலைத் தலைநோவு, வறண்ட வாய், இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழும்புதல், அற்ப விஷயத்துக்கும் மூளும் கோபம், நெடுநாள் பழகியவரின் பெயரும் நினைவுக்கு வராத மறதி. மேஸ் ஹில் முருகன் கோயிலில் தேவாரம் பாடப்படுகையில் கண் செருகும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பக்தியின் லயிப்பு என்று எண்ணியிருக்கவும் கூடும். இவற்றுக்கெல்லாம் நான் ஒரே காரணத்தைக் கற்பித்து வைத்திருந்தேன். ஊரை விட்டு வந்தவனின் மனச்சோர்வு இது, இதற்கு மருந்தில்லை என்று தீர்மானித்திருந்தேன். தேசத்தை இழந்தவனுக்கு எல்லா நோவுக்கும் அந்த இழப்பே விளக்கமாகிவிடுகிறது. அந்த விளக்கம் உண்மையானதொரு துக்கத்திலிருந்து பிறப்பதாலேயே, அதை ஐயுறுவதும் அவனுக்குத் துரோகம்போலத் தோன்றுகிறது. நான் இழந்த ஊர் வேறு, என் உடம்பு இரவுதோறும் இழந்துகொண்டிருந்த பிராணவாயு வேறு என்று பிரித்தறிய எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒரு நாள் மாலை, கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியவன், அப்படியே உறங்கிப்போனேன். பின்னால் நின்ற வாகனங்களின் ஒலியே என்னை எழுப்பியது. பிரேக்கிலிருந்து என் கால் வழுவியிருந்தால், எதிரே தெருவைக் கடந்துகொண்டிருந்த தாயும் குழந்தையும் என்னவாகியிருப்பார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னை நடுங்கச் செய்கிறது. அந்த வாரத்தில் என் மனைவி விடுமுறையில் இருந்தாள். நான் தடுத்தும் கேளாமல், அன்றிரவு என் அறையிலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அவள் சொன்ன வார்த்தைகள் இவை: “இஞ்சருங்கோ, நீங்கள் மூச்சை விட்டிட்டுப் பிறகு எடுக்கேல்லை. நான் எண்ணிக்கொண்டு இருந்தனான். முப்பது மட்டும் வந்திட்டுது. ஒருக்கா இல்லை, விடிய விடிய அப்பிடித்தான்.”

எங்கள் குடும்ப வைத்தியர் என் இரத்த அழுத்தத்தையும் கழுத்தின் சுற்றளவையும் அளந்தார். பின்னர் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை என் கையில் தந்தார். அது மெல்பேர்ன் நகரத்து எப்வர்த் வைத்தியசாலையில் மரே ஜோன்ஸ் என்னும் வைத்தியர் 1991-இல் வெளியிட்ட அளவுகோல் என்றும், இன்று உலகெங்கும் வழங்குகிறது என்றும் அவர் சொன்னார். உட்கார்ந்து வாசிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், மதிய உணவுக்குப் பின் அமைதியாக இருக்கையில், மற்றொருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் கண்ணயர்ந்துபோகும் சாத்தியம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் பகலுறக்கம் மிகுதி என்று பொருள். எட்டாவது கேள்வி, போக்குவரத்தில் சில நிமிஷங்கள் நின்றுவிட்ட காருக்குள் இருப்பதைப் பற்றியது. அதற்கு நேரே மூன்று என்று எழுதுகையில் என் கை நடுங்கிற்று. மொத்தம் பதினாறு வந்தது.

பரிசோதனைக்குரிய இரவில், மாலை ஏழு மணிக்கு வைத்தியசாலைக்குப் போனேன். நேபாளத்திலிருந்து வந்து குடியேறிய இளம்பெண் ஒருத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேலாக, பொறுமையோடு என் உடம்பில் கம்பிகளைப் பொருத்தினாள். மூளையின் மின்னலைகளை அறியத் தலையில் பசைதடவிச் சில. கண்ணசைவை அறிய இமையோரத்தில் இரண்டு. மோவாய்த் தசைக்கும் கால்களுக்கும் இருதயத்துக்கும் வேறு சில. மார்பிலும் வயிற்றிலும் மூச்சின் எழுச்சி தாழ்ச்சியை அளக்கும் பட்டிகள். நாசித் துவாரத்தில் மெல்லிய குழாய். இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்க விரல் நுனியில் செவ்வொளி வீசும் கிளிப். “நான் பக்கத்து அறையில் விடியும்வரை விழித்திருப்பேன், வேண்டுமானால் கூப்பிட்டால் போதும்” என்று சொல்லி விளக்கை அணைத்தாள். ஆச்சிக்கும் என் மனைவிக்கும் பிறகு எனக்காக ஒருவர் இரவு முழுவதும் விழித்திருக்கப்போவது இந்த அந்நியப் பெண்தான் என்ற நினைவு அப்போது எழுந்தது. நெஞ்சு கனத்தது, அச்சம் தணிந்தது. நடுச்சாமத்தில் அவள் வந்து, கழன்ற கம்பியொன்றை ஓசைப்படாமல் பொருத்திச் சென்றது கனவுபோல் நினைவிருக்கிறது. காலையில், முடிவைச் சொல்லும் அதிகாரம் தனக்கில்லை என்று கூறியவள், பசையைத் துடைத்தெடுத்துக்கொண்டே, “இரவு முழுவதும் நீங்கள் மிகவும் பாடுபட்டீர்கள்” என்று மாத்திரம் சொன்னாள். என் களைப்பை உழைப்பாக மதித்த முதல் வார்த்தை அது.

பரிசோதனையின் முடிவுப்படி, மணிக்கு நாற்பத்திரண்டு முறை என் மூச்சு நின்றோ மிகக் குறைந்தோ போயிருந்தது. பத்து விநாடியேனும் நீடிக்கும் தடையே கணக்கில் சேர்க்கப்படும். மணிக்கு ஐந்துக்குக் குறைந்தால் இயல்பு, முப்பதும் அதற்கு மேலுமானால் கடுமை. என் மூச்சு நின்ற மிக நீண்ட இடைவெளி ஐம்பத்தெட்டு விநாடி; தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய பிராணவாயுவின் செறிவு எழுபத்தாறு சதவீதம் வரை இறங்கியிருந்தது. விழித்திருக்கையில் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. வழி குறுகியவருக்கு அது முற்றாகவே அடைபட்டுப்போகிறது. மார்பு காற்றுக்காகப் போராடுகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து ஒரு கணம் விழித்து, தசையை இறுக்கி, மூச்சை மீட்டு, மறுபடி உறங்குகிறது. அந்த விழிப்பு உறங்குபவனின் ஞாபகத்தில் தங்குவதில்லை. இரவொன்றுக்கு இருநூறு முறைக்கு மேல் மூழ்கி எழுந்தவன், காலையில் தான் நன்றாக உறங்கியதாகவே சத்தியம் செய்வான். ஆனால் இருதயமும் இரத்தக் குழாய்களும் அதை மறப்பதில்லை. உயர் இரத்த அழுத்தத்தோடும், இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மையோடும், பக்கவாதத்தோடும், உறக்கத்தில் மூச்சடைக்கும் இந்நோய்க்கு உள்ள தொடர்பு மருத்துவ உலகம் நன்கறிந்தது.

இந்நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் சிகிச்சை, நான் அடைக்கலம் புகுந்த இந்த நகரத்திலேயே பிறந்தது என்பதை அதன் பின்னரே அறிந்தேன். சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொலின் சலிவன் என்னும் வைத்தியர், 1980-ஆம் ஆண்டில், ராயல் பிரின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையில், கடுமையான மூச்சுத்தடையால் வருந்திய ஒரு நோயாளியிடம் முதன்முதலாக இதைப் பரீட்சித்தார். அதற்கு முன்னர், கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வேறுவழி அமைப்பதே நம்பத்தக்க சிகிச்சையாக இருந்தது. சலிவனோ, காற்றை உறிஞ்சும் தூசு துடைக்கும் யந்திரத்தின் விசிறியைத் திருப்பி ஊதும்படி செய்து, நாசியில் ஒட்டிய கவசத்தின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார், உட்புகுந்த காற்றே தொண்டையைத் தாங்கிப் பிடித்தது, தடைகள் நீங்கின. ஐந்து நோயாளிகள் பெற்ற நற்பயனை அவரும் சகாக்களும் 1981-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். கத்தியால் திறக்க வேண்டியிருந்த வழியைக் காற்றாலேயே திறந்து காட்டிய அந்தக் கருணை மிகுந்த புத்தியை நான் தினந்தோறும் படுக்கைக்குப் போகையில் நன்றியோடு நினைக்கிறேன்.

சீபாப் என்று எல்லோரும் அழைக்கும் அந்த யந்திரத்துடன் முதல் வாரங்கள் இனிமையாக இருக்கவில்லை. கவசத்தின் ஓரத்தால் காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும், மூக்கு வறளும், நித்திரையில் நானே அதைக் கழற்றி எறிந்திருப்பேன். மூன்று வகைக் கவசங்களை மாற்றிப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரால் காற்றை ஈரமாக்கி, பகலில் வாசிக்கும்போதும் அதை அணிந்து பழகி, ஆறு வாரத்தின் முடிவில் ஓர் இரவு முழுவதும் அதனோடு உறங்கினேன். மறுநாள் காலையில் நான் கண்ட தெளிவை, பல ஆண்டுகள் புகைபடிந்திருந்த விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டது போன்றது என்று சொல்லலாம். நெடுங்காலம் காணாதிருந்த கனவுகளும் திரும்பி வந்தன. பரிசோதனைச் செலவில் அரசின் மெடிகேர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் பங்கேற்றது. யந்திரத்தின் விலையையோ, ஆயிரம் டொலருக்கு மேலான அத்தொகையை, நாமே செலுத்த வேண்டியிருந்தது. புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்துக்கு அது பெரும் பாரம். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்க வசதியுண்டு என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

நம்மவரிடையே குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே இன்றும் கருதப்படுகிறது. பருத்தவர்களுக்கே இது வரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. தாடையின் அமைப்பினாலும் தொண்டையின் ஒடுக்கத்தினாலும் மெலிந்தவர்களுக்கும் இது வரும். தென்னாசியரான நமக்கு, மற்றவர்களை விடக் குறைந்த பருமனிலேயே வரக்கூடும். பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. மாதவிடாய் நின்ற பின்னர் அவர்களுக்கும் இந்நோயின் சாத்தியம் அதிகரிக்கிறது. ஆயினும், பெண் குறட்டை விடுவதை வெட்கமென்று வளர்க்கப்பட்டவர்கள், அதை வைத்தியரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. களைப்பைக் குடும்பப் பாரம் என்று சொல்லிச் சுமக்கிறார்கள், நான் அதைப் புலம்பெயர்வு என்று சொல்லிச் சுமந்தது போலவே.

என் தகப்பனார் 1991-இல், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். யாழ்ப்பாணத்தை யுத்தம் சூழ்ந்திருந்த காலம். செய்தி, கொழும்பு வழியாக வந்த ஒரு கடிதத்தில், வாரங்கள் கழித்தே எனக்குக் கிடைத்தது. நித்திரையோடு நித்திரையாகப் போய்விட்டார், கொடுத்து வைத்த சாவு என்று ஊரெல்லாம் சொன்னதாகத் தம்பி எழுதியிருந்தான். பகலெல்லாம் சாய்மனைக் கதிரையில் கண் செருகியவர், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே தூங்கி விழுந்தமைக்காக அதிகாரியிடம் அவமானப்பட்டவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கியவர் அவர். அன்று நேர்ந்தது இன்னதென்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அந்த இரவில் ஆச்சி உயிரோடு இல்லை. பிள்ளைகள் நால்வரும் நான்கு திசையில் இருந்தோம். விறாந்தையில் ஒரேயொரு பாய்தான் விரிக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, தண்ணீர் குடிக்க எழும்பியவன், எங்கள் மூத்த மகனின் அறையைக் கடக்கையில் நின்றுவிட்டேன். சாத்திய கதவுக்கு அப்பால் குறட்டை ஏறிக்கொண்டே போய், அறுந்து நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டில் அவன் திடுக்கிட்டு மூச்சிழுத்தான். தாடையின் வாகும் தொண்டையின் வாகும் தலைமுறை வழியே வருபவை. காலையில், எட்டுக் கேள்விகள் கொண்ட அந்தத் தாளை அவன் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, “தம்பி, இண்டைக்கு இரவு கதவைச் சாத்தாமல் படு” என்றேன். “ஏன் அப்பா?” என்று கேட்டான். அவன் பார்த்திராத பூட்டியைப் பற்றியும், அவர் இருளில் எழுந்து ஒவ்வொரு பாயாக மூச்சைக் கேட்டு நின்றதைப் பற்றியும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு குளிர் கடுமையாக இருந்தது. ஆயினும், அவன் அறைக் கதவு ஒரு சாண் அளவு திறந்தே கிடந்தது.